நாற்பதைத் தாண்டினால் நடுக்கம்

சவரிமுத்து ஐப்பசியில் கண்ணை மூடியபோது அவருடைய ஐந்து மா வயலில் பாதிதான் நட்டிருந்தது. மீதிப் பாதியை, அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே அவர் மனைவி சகாயம்மாள் சேற்றில் இறங்கி நட்டு முடித்தாள். ஊர் வாயைப் பிளந்தது. பிளக்கட்டும். நாற்று முற்றிப்போனால் ஊரா வந்து சோறு போடும்?

'அவருடைய வயல்' என்று எழுதிவிட்டேன். அதுதான் இப்போது வழக்கே.

நிலம் பண்ணையார் தியாகராசனுடையது. இருபத்திரண்டு வருஷமாக அதைக் குத்தகைக்கு உழுதவர் சவரிமுத்து. எழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. இப்போது அரசாங்கம் குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லியிருக்கிறது. பெயர் ஏறிவிட்டால் அப்புறம் யாரும் சுலபத்தில் கிளப்ப முடியாது. பண்ணையார் முந்திக்கொண்டார். "சவரிமுத்து என்னிடம் கூலிக்கு உழுத ஆள். குத்தகை என்று எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அது பொய் என்று ஊருக்கே தெரியும். ஆனால் பண்ணையின் மதகைத் திறந்தால்தான் ஊருக்குத் தண்ணீர். ஆகவே ஊருக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. பாக்கி இருப்பது ஒரே ஒருவர். பழைய தலையாரி இராஜாங்கம். வருஷா வருஷம் களத்தில் நின்று, சவரிமுத்து குத்தகை நெல் அளந்ததைக் கண்ணால் பார்த்தவர். இப்போது வேதாரண்யத்தில் மகள் வீட்டில் இருக்கிறார்.

அவரை அழைத்து வரத்தான் சென்ற வியாழக்கிழமை இளைய மகன் குழந்தைராஜ் டாக்சியை எடுத்துக்கொண்டு போனான். காலி வண்டியோடு திரும்பி வந்தான். "தலையாரிக்குக் கால் ரெண்டும் வீங்கிக் கெடக்கு. எந்திரிக்கவே முடியல" என்றான்.

நாளை வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கும்பகோணத்தில் விசாரணை. இன்று புதன்.

காலை ஏழு மணிக்கு, வலங்கைமான் கடைத்தெரு முடிகிற இடத்தில் இருக்கும் மூத்த மகன் மிக்கேல்ராஜின் ஒர்க் ஷாப்பில் சகாயம்மாள் வந்து நின்றாள். தவக்காலம். ஒருவேளைச் சாப்பாட்டுக்காரி. வெறும் வயிறு, கையில் ஒரு மஞ்சள் பை.

"நானே வேதாரண்யம் போறேன். கால் வீங்கினா என்ன, பின் சீட்டுல படுக்க வெச்சுக் கூட்டியாறேன். குழந்தையை வண்டி எடுக்கச் சொல்லு."

குழந்தைராஜுக்கு இருபத்தாறு வயது, மீசை இருக்கிறது. ஆனாலும் வீட்டில் குழந்தைதான். காரைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திரும்பாமலே சொன்னான்.

"வண்டி போகாதும்மா. நாப்பதைத் தாண்டினா உதறுது. அவ்வளவு தூரம் போனா வழியில நின்னுரும்."

"எத்தனை நாளா உதறுது?" மிக்கேல்ராஜ் கேட்டான்.

"கார்த்திகையிலேருந்தே லேசா இருந்துச்சு. இந்த வாரம் ரொம்ப மோசம். டயருதான். மாத்தணும்."

"கார்த்திகையிலேருந்து உதறுது, மெக்கானிக்குத் தம்பி நீ, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

குழந்தைராஜ் துடைத்த துணியை உதறி மடித்தான்.

"சாவியைக் குடு" என்றான் மிக்கேல்ராஜ். "அம்மா, நீ பின்னாடி ஏறு. எங்க ஆடுதுன்னு பாத்துச் சொல்லு."

"நான் என்னத்தக் கண்டேன்?"

"உன் ஒடம்பு கண்டுபிடிக்கும். ஏறு."

தம்பியைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நீடாமங்கலம் சாலையில் வண்டியை விட்டான். பழைய அம்பாசடர், மைல் கணக்குக் காட்டும் முள். இருபதில் ஒழுங்காகப் போயிற்று. முப்பதிலும் ஒழுங்கு. நாற்பதைத் தொட்டதும் கதவுக் கண்ணாடி கிடுகிடுவென்றது.

"அம்மா, எங்க ஆடுது?"

"காலுக்குக் கீழடா. உள்ளங்கால்ல குறுகுறுங்குது. சீட்டும் நடுங்குது. மாதாவே, மெதுவாப் போடா!"

மிக்கேல்ராஜ் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்துத் தம்பிக்குக் காட்டினான். "பாத்தியா? இது ஆடல. முன் சக்கரத்துல கோளாறுன்னா மொதல்ல கைக்குத்தான் தெரியும். இது தரையில வருது. அப்ப பின்பக்கம்."

அடுத்து, அதே வேகத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி தன் போக்கில் ஓடியது. நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"எஞ்சினும் இல்ல" என்றான்.

ஓரமாக நிறுத்தி, மறுபடி முதல் கியர் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி நகருமுன் அடியில் டொக்கென்று ஒரு சத்தம். பின்பக்கம் எடுத்தான். மறுபடி டொக்.

"புரொப்பல்லர் ஷாஃப்ட்" என்றான் மிக்கேல்ராஜ். "டயராம் டயரு."

எஞ்சின் சுற்றுவதைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் அது. வண்டியின் அடிவயிற்றில் கிடக்கும். அதன் இரண்டு முனையிலும் சிலுவை வடிவத்தில் ஒரு ஜாயிண்ட். ஒர்க் ஷாப்பில் அதற்குக் கிராஸ் என்று பெயர். அதற்குள் ஊசி ஊசியாகப் பேரிங். கிரீஸ் வற்றி அது தேய்ந்துவிட்டால், குழாய் நேராகச் சுற்றாமல் தலையை ஆட்டும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

ஒர்க் ஷாப்புக்குத் திரும்பி வண்டியை, அடியில் வேலை பார்க்க வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நிறுத்தினார்கள். சகாயம்மாள் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். மிக்கேல்ராஜ் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினான். குழாயைக் கையால் பிடித்து அப்படியும் இப்படியும் முறுக்கிப் பார்த்தான். முன் ஜாயிண்ட் கெட்டி. பின் ஜாயிண்ட் அரை விரல்கடை ஆடியது. ஓரத்தில் செம்பழுப்பாய்த் துருப்பொடி உதிர்ந்தது.

கார்த்திகை வெள்ளத்தில் சாலை மேல் தண்ணீர் ஓடியபோது தம்பி வண்டியை அதற்குள் விட்டிருக்கிறான். தண்ணீர் புகுந்து கிரீஸ் போய்விட்டது. இவ்வளவும் மிக்கேல்ராஜ் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது வேறொன்று. அந்த ஜாயிண்டின் கவட்டைக்குள் கொடி சுற்றியிருந்தது.

இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு இது புதிதல்ல. பங்குனி பிறந்தால் உளுந்தும் பயறும் பிடுங்கிக் கொண்டுவந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் காரும் மேலே ஏறிப் போனால் காய் வெடித்துப் பருப்பு கழன்றுவிடும். மாடு கட்டிப் போரடிக்கிற வேலை மிச்சம். சம்சாரிக்கு லாபம், வண்டிக்கு வினை. காய்ந்த கொடி ஷாஃப்டில் சுற்றிக்கொண்டு, சுற்றச் சுற்ற இறுகி, ஜாயிண்டுக்குள் கிரீஸை அடைத்து வைக்கிற சீலைக் கடித்துத் தின்றுவிடும். பங்குனி, சித்திரையில் பள்ளத்துக்கு வருகிற வண்டிகளில் பாதி இப்படித்தான் வரும்.

ஆனால் இந்த வண்டியில் ஒரு விஷயம் உறுத்தியது. வெளியே தெரிகிற கொடியை யாரோ கத்தியால் அறுத்து எடுத்திருந்தார்கள். குழாயின் பெயிண்டில் கத்திக் கீறல் புதிதாக இருந்தது. உள்ளே இறுகியதை மட்டும் எடுக்க முடியவில்லை. கொடி சுற்றியதென்று தெரிந்து அறுத்தவன், டயர் என்று ஏன் சொன்னான்?

மிக்கேல்ராஜ் கம்பியை விட்டுக் கிளறினான். மேலே இருந்தது மஞ்சளாக, ஐந்தாறு நாள் காய்ந்த மாதிரி வந்தது. அதன் அடியில் கிரீஸ் ஊறிக் கறுத்துப்போன இன்னொரு சுற்று. அதற்கும் அடியில் இன்னொன்று. ஒருநாள் போனதில் சேர்ந்தது அல்ல. ஒரு காய் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினான். கறுப்பு உளுந்து நாலு விழுந்தது.



இந்த வருஷம் தையிலேயே ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டது. பனியும் பெய்யவில்லை. சம்பா தாளுக்குள் விதைத்த உளுந்து சுற்றுவட்டாரத்தில் ஒருவருக்கும் தேறவில்லை. தேறியது ஒரே இடத்தில். மின்சார பம்பு வைத்து இறைக்கிற பண்ணையார் தியாகராசனின் நிலத்தில். அவரும் அதைப் பொதுச்சாலையில் போடவில்லை. போட்டால் ஊரார் கையில் ஒட்டிக்கொள்ளுமாம். மதகிலிருந்து பங்களா வரை போகிற சொந்தப் பாதையில் பரப்பி வைத்திருந்தார். அந்தக் கொடி மேல் ஒரு வண்டி ஏறவேண்டுமென்றால் அது பங்களாவுக்குப் போயிருக்க வேண்டும்.

கேட்காமலே விட்டுவிடலாமா என்று அவனுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கொடியை எடுத்து எறிந்துவிட்டு, புதுக் கிராஸைப் போட்டுவிட்டு, வாயை மூடிக்கொள்ளலாம். கூடப் பிறந்தவன். தனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்து விசிறியவன். மேலே, வண்டிக்கும் பள்ளத்து விளிம்புக்கும் நடுவில், அம்மாவின் வெடித்த பாதங்கள் தெரிந்தன. விட முடியவில்லை.

"டேய், கொஞ்சம் உள்ள எறங்கு."

குழந்தைராஜ் இறங்கினான்.

"இது என்ன?" குரலை அடக்கிக் கேட்டான்.

"வைக்கோலு."

"வைக்கோல்ல உளுந்து காய்க்குமா? கையைப் பாரு. யாரு வயல் உளுந்துடா இது?"

குழந்தைராஜ் கையைப் பார்க்கவில்லை. ஷாஃப்டையே பார்த்தான்.

"எத்தனை தடவை போன?"

"அண்ணே, அம்மா இருக்காங்க. அப்புறம் பேசுவோம்."

"மேல வந்து சொல்லுங்கடா ரெண்டு பேரும்" என்றது அம்மாவின் குரல். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

இருவரும் ஏறி வந்தார்கள். குழந்தைராஜ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சுல்ல. டிரைவர் எடுக்குறாங்க. பண்ணையார் இப்ப கரைவேட்டி கட்டிட்டாரே, மேல செல்வாக்கு. ஒரு கடுதாசி குடுத்தா வேலை நிச்சயம்னாரு. சாட்சியைக் கூட்டியாராம இருந்தாப் போதும்னாரு. அதான் தலையாரிக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னேன்."



"எதுக்குடா?" என்றாள் சகாயம்மாள். "டாக்சி ஓட்டுறது கேவலமா?"

"தரங்கம்பாடியில அருள்செல்வி அப்பா என்ன சொன்னாரு? ஞாபகம் இருக்கா? ஈஸ்டருக்கு அப்புறம் தேதி வெக்கலாம், மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இருந்தான்னாரு. இந்த ஓட்ட வண்டியைக் காட்டியா பொண்ணு கேக்குறது?" அவன் குரல் ஏறியது. "அந்த அஞ்சு மா கெடச்சா மட்டும் என்னம்மா? அண்ணன் ஒர்க் ஷாப்பை விட்டு வராது. நான் வண்டியை விட்டு வரமாட்டேன். நீ போனப்புறம் அதை யாரு உழப்போறா?"

இதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

சகாயம்மாளுக்குப் பதில் இருந்தது.

"நான் இன்னும் போகலையே" என்றாள்.

அழுவாள் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தார்கள். அவள் ஜெபமாலையைப் பைக்குள் போட்டு வாயைச் சுருக்கிக் கட்டினாள். "அப்ப தலையாரிக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. நல்லதாப் போச்சு. மிக்கேலு, வண்டியைச் சரி பண்ணு. இன்னிக்கே போய்க் கூட்டியாருவோம். நீதான் ஓட்டுற, குழந்தை."

"அம்மா, நான் வேணாம். அண்ணன் ஓட்டட்டும்."

"நீதான் ஓட்டுற."

மிக்கேல்ராஜ் ஷாஃப்டைக் கழற்றுமுன் உளியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டுக்கொண்டான். முன்பு எப்படிப் பொருந்தியிருந்ததோ அப்படியே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் புதுக் கிராஸ் போட்டும் ஆடும். வேறொரு வண்டிக்காக வாங்கி வைத்திருந்த கிராஸ் ஒன்று பெட்டியில் இருந்தது. பழையதைத் தட்டி எடுத்தபோது உள்ளே ஊசிகள் பாதி மாவாகிப் போயிருந்தன. கழுவித் துடைத்துப் புதியதை மாட்டி, கிரீஸ் அடித்து, நட்டுகளை இறுக்கி முடிக்கப் பதினோரு மணி ஆயிற்று. அதுவரை அண்ணனும் தம்பியும் பேசிய வார்த்தைகள் "ஸ்பேனரைக் குடு", "பிடி", "விடு" அவ்வளவுதான்.

அண்ணன் முன்னால், அம்மா பின்னால், தம்பி ஸ்டியரிங்கில். கிளம்பினார்கள்.

நீடாமங்கலம் வருமுன்பே நாற்பத்தைந்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான் மிக்கேல்ராஜ். கண்ணாடி கூட அசையவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். யாரும் சந்தோஷப்படவில்லை.

மன்னார்குடியைத் தாண்டியதும் முள் இறங்கத் தொடங்கியது. முப்பத்தைந்துக்கு வந்தது. அப்புறம் முப்பது. சாலை வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பக்கமும் அறுத்த தாள், வெடித்த வயல். ஒரு மாட்டுவண்டி கூட எதிரில் இல்லை.

"ஏன்டா உருட்டுற? இப்பத்தான் ஆடலையே."

குழந்தைராஜ் இன்னும் மெதுவாகப் போனான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டு முந்திச் சென்றது. திருத்துறைப்பூண்டி எட்டு மைல் என்ற கல்லுக்குப் பக்கத்தில் வண்டி நின்றேவிட்டது. எஞ்சினை அணைத்தான். சாவியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"என்னடா? மறுபடியும் என்ன?" மிக்கேல்ராஜ் கதவைத் திறக்கப் போனான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல." அவன் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி சொன்னான். "அங்க போய் பிரயோசனம் இல்ல. தலையாரி வேதாரண்யத்துல இல்ல."

"இல்லன்னா?"

"பங்களாவுல இருக்காரு. போன வியாழக்கெழம நான்தான் கொண்டாந்து விட்டேன்."

மிக்கேல்ராஜ் தம்பியின் சட்டைக் காலரைப் பற்றினான். பின்னாலிருந்து அம்மாவின் கை நீண்டு வந்து அவன் தோளில் விழுந்தது. "விடு. முழுசாச் சொல்லட்டும்."

"பண்ணையார்தான் சொன்னாரு. சும்மா விட்டா நாளைக்கு வேற யாராச்சும் கூட்டியாந்துருவாங்க, நம்ம எடத்துல இருக்கட்டும்னாரு." குழந்தைராஜின் வாய் கோணியது. "நான் கட்டாயப்படுத்தலம்மா. ஒண்ணுமே சொல்லல. கார் சத்தம் கேட்டதும் அவரே வெளியில வந்தாரு. சலவை வேட்டி எடுத்துக் கட்டிக்கிட்டாரு. சவரிமுத்து மவனாடா நீன்னு கேட்டாரு. ஆமான்னேன். மகள்கிட்ட சொல்லிட்டு அவரா ஏறி உக்காந்தாரு. நம்ம வீட்டுக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்னு நெனச்சாரும்மா. வழியெல்லாம் அப்பாவைப் பத்தியே பேசிக்கிட்டு வந்தாரு."



"எறங்குறப்ப என்ன சொன்னாரு?" சகாயம்மாள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. பங்களாவைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. ரெண்டு ஆளுங்க வந்து உள்ள கூட்டிக்கிட்டுப் போனாங்க."

"இன்னிக்கோட ஆறு நாளு."

"ஆமா."

"அப்புறம் நீ போய்ப் பாக்கல."

"பாக்கலம்மா." அவன் இப்போது அழுதுகொண்டிருந்தான். "நாளைக்கு அவரை அவங்களே கும்பகோணத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அவங்க பக்கத்து சாட்சியா."

மிக்கேல்ராஜ் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வண்டிக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. தேய்ந்த இடம் எது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று காலையில் நினைத்தானே, அதை நினைக்க அவமானமாக இருந்தது.

சகாயம்மாள் அந்தப் பங்களாவுக்குப் போகாதவள் அல்ல. நெல் அவிக்கப் போயிருக்கிறாள், களம் மெழுகப் போயிருக்கிறாள், பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று நாள் பாத்திரம் துலக்கியிருக்கிறாள். எல்லாம் கொல்லை வழியாக. அவள் மட்டுமல்ல, அவள் தெருவிலிருந்து யாரும் அந்த முன்வாசலை மிதித்ததில்லை. அங்கே ஏன் போகக்கூடாது என்று யாரும் கேட்டதும் இல்லை.

"மிக்கேலு, ஏறு" என்றாள். "குழந்தை, கண்ணைத் தொடை. வண்டியைத் திருப்பு."

"எங்கம்மா?"

"பங்களாவுக்கு."

"அம்மா, உள்ள விடமாட்டாங்கம்மா. ஆளு நிக்குது—"

"கொல்லைப்பக்கம் போகாத. முன்வாசல்ல கொண்டுபோய் நிறுத்து. எம் புருஷனுக்காகச் சாட்சி சொல்ல வந்த மனுசனை, எம் புள்ள ஏமாத்தி எறக்கிவிட்ட எடம் அது. அங்கேருந்துதான் நான் அவரை ஏத்திக்கிட்டு வரணும்."